ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாத கார்

ஐம்பத்தோரு வயதில் நான் முதன்முதலாகக் கார் வாங்கினேன். புதுசு இல்லை. சிதம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பார்த்துக் கொடுத்த பழைய பெட்ரோல் கார். வெள்ளை நிறம், இடது பக்கக் கதவில் யாரோ இடித்த சொட்டை. "மாமா, எஞ்சின் தங்கம். எதையும் யோசிக்காம எடுத்துக்கினு போய் ஓட்டுங்க" என்றான். அவன் தங்கம் என்று சொன்னதுதான் தப்பு. தங்கத்தை யாராவது ஓட்டுவார்களா? பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். எனக்கும் அந்த எண்ணம்தான் வந்தது. பீரோ சிறியது என்பதால் ஓட்ட வேண்டியதாயிற்று.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு வட்டங்கள். ஒன்று வேகம் காட்டுவது, அது புரிந்தது. இன்னொன்றில் ஒரு முள், ஆக்சிலேட்டரில் கால் பட்டாலே விசுக்கென்று எழும்பியது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று அது காட்டுகிறதாம். வட்டத்தின் கோடியில் சிவப்புப் பட்டை. போன வருஷம் என் ரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்டிராலுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்பு போட்டிருந்தார்கள். அதிலிருந்து சிவப்பாக எதைப் பார்த்தாலும் எனக்கு நாக்கு வறளும்.

இந்த இடத்தில் என் மூச்சு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர் சில்வர் பீச்சில் காலையில் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். நடந்து முடித்ததும், பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர்டான ஒருவர் எங்களை மணலில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். அவர் வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்வது இது: "மனுஷனுக்கு ஒரு நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு. சிதம்பரத்துல பொன்னம்பலத்துக் கூரை மேல அத்தன ஓடு வேய்ஞ்சிருக்கான்னா சும்மாவா? மூச்சுக்குக் கணக்கு இருக்குது சார். வேகமா விட்டா சீக்கிரம் தீரும். ஆமை மெதுவா விடுது, அது பாட்டுக்கு எரநூறு வருஷம் கெடக்குது."

மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு வடை சாப்பிடப் போய்விடுவார்கள். நான் மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். காரின் முள்ளைப் பார்த்த அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு. காருக்குச் சும்மா நிற்கும்போதே எண்ணூறு. இரண்டாயிரத்தில் ஓட்டினால், நான் ஒரு நாள் முழுக்க விடுகிற மூச்சை அது பதினோரு நிமிஷத்தில் விட்டுத் தீர்த்துவிடும். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போவதற்குள் இரண்டு நாள் ஆயுசு காலி. ஒருவன் உள்ளே உட்கார்ந்து வடநாட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வர, வெளியே ஓர் உயிர் இப்படி இளைத்துக்கொண்டு ஓடுவதை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டியது.

அன்றே சட்டம் போட்டேன். முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது.

இந்தச் சட்டத்துக்கு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் ஆசீர்வாதமும் இருந்தது. நானும் என் மனைவியும் ஒன்றாகத்தான் அங்கே கற்றுக்கொண்டோம். அவர் சொல்லிக்கொடுத்த வேதம் ஒரே வரி: "சத்தம் வந்தா மேல் கியரப் போடு." நான் சத்தம் வருமோ என்று தோன்றும்போதே போட்டேன். வீட்டு வாசலில் முதல் கியர், பக்கத்து வீட்டு வாசலில் இரண்டாவது, தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிடும்போது நான்காவது, மெயின் ரோட்டில் ஏறும்போது ஐந்தாவது. ஐந்தாவது கியரில் இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போனால் கார் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். சாமி வந்ததுபோல் உதறும். கண்ணாடி, கைப்பிடி, டேஷ்போர்டு முருகன் எல்லாமே ஆடும். ஷேர் ஆட்டோக்கள் என்னை வலது பக்கம் தாண்டும், மீன் பெட்டி ஏற்றிய வண்டிகள் இடது பக்கம் தாண்டி, கண்ணாடியில் ஐஸ் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகும். மஞ்சக்குப்பத்தில் ஒருநாள் சைக்கிள்காரர் ஒருவர் என் பக்கத்தில் மிதித்துக்கொண்டே ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்து, "சார், பஞ்சரா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "பின்ன உடம்புக்கு முடியலையா?" என்றார். யாருடைய உடம்பு என்று கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அவருக்கு என்னைவிட வேகம் ஜாஸ்தி.

"ஏங்க, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்பாள் மனைவி.

"அது தியானத்துல இருக்குது. பேசாம வா."

"தியானத்துல இருக்கறவங்க இப்பிடிப் பல்லக் கடிக்க மாட்டாங்க."

இவ்வளவு தயவுதாட்சண்யம் உள்ள நான், தினமும் காலையில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் காலையில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே உறும வைப்பார்கள். சூடேற்றுகிறார்களாம். எதிர்வீட்டுக்காரர் பைக்கில் அவர் செய்தால் நான் காரில் செய்யாமலிருக்க முடியுமா? சாவி போட்ட அடுத்த நொடி ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதிப்பேன். முள் நாலாயிரம் வரை போகும். சட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தேன். ரோட்டில் விடுவதுதான் கணக்கில் சேரும் மூச்சு. வாசலில் விடுவது பயிற்சி, வெறும் வயிற்றில் கபாலபாதி மாதிரி. மூச்சு வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவர், நாளையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றார்.

இப்படியாக ஐந்து மாதம் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் பரீட்சை வந்தது.

அவள் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பி.ஏ. படித்தவள். பொருளாதாரம். எல்லாப் பேப்பரும் பாஸ், புள்ளியியல் ஒன்றைத் தவிர. அதிலும் அவள் ஃபெயில் ஆகவில்லை, எழுதவே இல்லை. பரீட்சை அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அவளுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. என் கையால் தாலி கட்டிக்கொள்கிற வேலை. முகூர்த்தம் குறித்தது எங்கள் வீட்டார். "பரீட்சை எங்க போவுது, ஆறு மாசத்துல மறுபடி வரும்" என்று அன்றைக்குச் சொன்னவர்களில், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மாப்பிள்ளையும் ஒருவன். ஆறு மாதத்தில் பரீட்சை வந்தது. அதற்குள் அவளுக்கு வாந்தியும் வந்திருந்தது. அடுத்த தடவை குழந்தைக்கு அம்மை. அதற்கடுத்து பாடத்திட்டம் மாறியது, பிறகு எழுதுவதற்கான வருஷக் கெடுவும் முடிந்தது. எங்கேயாவது விண்ணப்பத்தில் படிப்பு என்ற கட்டம் வந்தால் அவள் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு பிளஸ் டூ என்று எழுதுவாள். நான் அந்தச் சமயத்தில் ஜன்னல் வழியாக எதையாவது பார்ப்பேன். இருபத்தைந்து வருஷத்தில் நிறைய ஜன்னல்கள்.

பழைய பாக்கிப் பேப்பர்களை எழுதக் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறார்கள் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். இதற்கப்புறம் கிடையாது. மூன்று மாதம் அடுக்களையில் மிக்சிக்குப் பின்னால் ஃபார்முலாத் தாள்கள் ஒட்டியிருந்தன. சட்னி தெறித்த இடைநிலை ஃபார்முலாவை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சை அதே அண்ணாமலை நகரில், பத்து மணிக்கு. பத்தரைக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"நான் பஸ்ல போயிக்கிறேன். ஏழு மணி பஸ்ஸப் புடிச்சா எட்டரைக்கு அங்க" என்றாள்.

"சொந்தக் காரு வெச்சிக்கினு பஸ்ஸா? ஊரு என்னா பேசும்?"

"ஊரு ஏற்கெனவே பேசுது. பால்காரரு கேட்டாரு, சாரு காரு தள்ளுவண்டியான்னு."

"ஒரு மணி நேரம்தான். நான் கொண்டாந்து உடுறேன். இந்தப் பரீட்சைக்கு உன்னைக் கொண்டுபோய் உடவேண்டியவன் நான்தான்."

இதைக் கேட்டு அவள் ஒரு கணம் இளகிவிட்டாள். அந்த ஒரு கணம்தான் அவள் செய்த தவறு.

அன்றைக்கு ஏழரைக்குக் கிளம்ப வேண்டும் என்றாள். நான் காரைத் துடைத்தேன், சாமிக்குக் கற்பூரம் காட்டினேன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், காருக்குக் கபாலபாதியும் செய்தேன். கிளம்பும்போது மணி எட்டு இருபது. அவள் மடியில் தாளை வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஃபார்முலா என்று நினைத்தேன். என்னைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இப்போது சிதம்பரத்துக்கு நான்கு வழிச்சாலை வந்துவிட்டது. வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அங்கே எல்லோரும் எண்பது தொண்ணூறில் போவார்கள். நான் முப்பதில் போனால் பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனாலேயே தள்ளிவிடுவான். அவர்களுக்கு ஈடு கொடுத்தால் முள் ஏறிவிடும். ஆகவே நான் அவளிடம் சொல்லாமல், ஊர்களுக்குள் நுழைந்து போகும் பழைய ரோட்டில் திருப்பினேன். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது எங்களுக்கு முன்னால் ஒரு சவுக்குக் கட்டை லாரி போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்துச் சவுக்கு லாரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரி என்று ஒன்று அடியில் இருப்பது நம்பிக்கை மட்டும்தான். கண்ணுக்குத் தெரிவது கட்டைகள். மேலே, பக்கவாட்டில், பின்னால் எல்லாம் துருத்திக்கொண்டு, கடைசிக் கட்டையின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. ஒரு தோப்பு எழுந்து ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். எனக்கோ பரம திருப்தி. எனக்கு ஏற்ற துணை கிடைத்துவிட்டது.

"இது நம்ம போற ரோடு இல்லையே" என்றாள்.

"நெழலா இருக்கும்னு."

"சரி, அந்த லாரியத் தாண்டுங்க."

"தாண்டலாம். எதிர்ல வண்டி வருது."

"ஒண்ணும் வரல."

"வரும்."

தாண்ட வேண்டுமென்றால் மூன்றாவது கியருக்கு இறங்கி மிதிக்க வேண்டும். மிதித்தால் முள் மூவாயிரத்து ஐந்நூறு. நான் அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தேன், வட்டத்தின் சிவப்புப் பட்டையைப் பார்த்தேன், பின்னாலேயே போனேன். எங்களுக்குப் பின்னால் வந்த டவுன் பஸ் தாண்டியது. கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் ஒரே ஸ்கூட்டியில் தாண்டினார்கள். ஒரு டிராக்டர் தாண்டியது. டிராக்டர்காரர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், வாங்க வாங்க என்று.

"மணி ஒம்போது இருபது. பாதி வழி கூட வரல" என்றாள். குரல் மாறியிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் இருக்குதே."

"ஏங்க, நான் உள்ள போவ முடியலன்னா அவ்ளோதாங்க. இன்னொரு தடவ கெடையாது."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். சரி, இன்றைக்கு ஒருநாள், ஆயிரத்து எண்ணூறு வரை போகலாம் என்று சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு வாய்க்கால் பாலம். சின்ன மேடுதான். லாரி தன் பாட்டுக்குக் கியரை இறக்கி, புகை விட்டு, ஏறிப் போய்விட்டது. நான் ஐந்தாவது கியரிலேயே ஏறினேன். கியர் இறக்கினால் சத்தம் வருமே. கார் உதறியது. உள்ளே யாரோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று கேட்டது. ஒரு பெருமூச்சு. நின்றுவிட்டது, பாலத்தின் நட்டநடுவில்.

திரும்ப ஸ்டார்ட் செய்தேன், பதற்றத்தில் மூன்றாவது கியரிலேயே எடுத்தேன், நின்றது. மறுபடி எடுத்தேன், பின்னால் உருண்டது. பின்னால் ஒரு ஆட்டோ, அதன் பின்னால் இன்னொரு சவுக்கு லாரி. என் கை எதிலோ பட்டதில் வைப்பர் ஓட ஆரம்பித்தது. எதைத் தொட்டேனோ, அதை நிறுத்தப் போய்க் கண்ணாடியில் தண்ணீர் வேறு பீச்சியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "சார், கழுவற வேலைய வூட்ல வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

என் மனைவி ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "எறங்குங்க" என்றாள்.

"எதுக்கு? தள்ளவா?"

"அந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. டெஸ்ட் அன்றைக்கு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது அவள் எடுத்தாள், நான் இன்ஸ்பெக்டரின் ஜீப்பை நோக்கி உருண்டேன். அவள் ஒரே தடவையில் வாங்கினாள், நான் மூன்றாவதில். கார் வந்தபிறகு அவள் கையில் கொடுக்காததற்கு நான் சொன்ன காரணம் அவளுக்கு அனுபவம் போதாது என்பது. உண்மைக் காரணம் அவள் மிதிப்பாள் என்பது.

மிதித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிரேக்கை விட்டபடியே எடுத்தாள். கார் ஒரு அங்குலம் கூடப் பின்னால் போகவில்லை. இரண்டாவது கியரில் எஞ்சின் எழுப்பிய குரல் இருக்கிறதே, அப்படி ஒரு குரல் அதற்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஐந்து மாதமாக முனகிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று மேடை ஏறிப் பாடின மாதிரி. முள் நாலாயிரத்தைத் தொட்டது. நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கியரு, கியரு, கியர மாத்து."

"மாத்துவேன்."

"நாலாயிரத்து எரநூறு. செத்துடும்."

"சவுக்கு லாரி இன்னும் எவ்ளோ தூரம்னு பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

முன்னால் போன லாரியை அவள் தாண்டிய விதத்தை நான் முழுசாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். சிவப்புத் துணி பட்டென்று என் பக்கத்துக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பதுதான். எண்ணெய் கருகுகிறதா, ரப்பர் தீய்கிறதா, புகை வருகிறதா. நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்; எஞ்சினுக்கு வலிக்கிற இடத்தில் எனக்கு வலித்துக்கொண்டிருந்தது. ஏதோ வாடை வந்ததும், "நிறுத்து, எரியுது" என்றேன்.

"அது வாழைப்பழம். நீங்க மேல உக்காந்திருக்கீங்க."

சாப்பிட நேரமில்லாமல் அவள் எடுத்துவைத்த பழம். மெய்தான்.

வெள்ளாற்றுப் பாலம், டவுனுக்குள் நெரிசல், ரயில்வே மேம்பாலம், எல்லாவற்றையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். பரீட்சை நடக்கிற கட்டிடத்தின் வாசலில் நிறுத்தியபோது பத்து இருபத்தொன்று. இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் நின்ற பெண் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு வழிவிட்டாள். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். அதுவரை எத்தனை மிச்சம் பிடித்திருப்பேனோ.

அடுத்த கவலை உடனே தொற்றிக்கொண்டது. கார் போய்விட்டது, சந்தேகமே இல்லை. இருபத்தைந்து கிலோமீட்டர், நாலாயிரம் சுற்று. மெதுவாக, முதல் கியரிலேயே, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோவதுபோல் மச்சானுடைய ஷெட்டுக்குப் போனேன். அவன் ஏதோ ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா போயிட்டாளா உள்ள?"

"போயிட்டா. மச்சான், எஞ்சின் போச்சு. அவ நாலாயிரத்துல ஓட்டிட்டா."

"யாரு, அக்காவா? பரவால்லையே" என்று எழுந்து வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சுக் கணக்கு, பொன்னம்பலத்துக் கூரை, ஆமை, ஆயிரத்து ஐந்நூறு, காலைக் கபாலபாதி. அவன் கேட்டு முடித்துவிட்டு டீ சொன்னான். எனக்கு இல்லை, அவனுக்கு.

பிறகு எஞ்சினில் பொறி கொடுக்கிற பிளக் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"இது அக்கா இன்னிக்கு அர மணி நேரத்துல பண்ணது இல்ல மாமா. நீங்க அஞ்சு மாசமா ஆசையா வளத்தது."

"அப்ப சுத்தினா தேயாதா?"

"தேயும். ஏன் தேயாது? ஓடற எல்லாமும் தேயும். சிவப்புல கொண்டுபோய் வெச்சி மிதிச்சா சீக்கிரம் தேயும். ஆனா இது ஆறாயிரம் சுத்தறதுக்குன்னு செஞ்ச எஞ்சின். சூடேறின பொறவு, ஆயில் சரியா இருந்தா, மூவாயிரம் நாலாயிரமெல்லாம் அதுக்கு ஒரு நடை. தெனம் அதுலயே ஓட்டினாலும் உங்க ஆயுசுக்குப் போதும்."

"அப்ப மெதுவா சுத்தினா நல்லதுதானே?"

"சும்மா சமதளத்துல, லேசா காலு வெச்சிப் போனா நல்லதுதான். நீங்க அஞ்சாவது கியர்ல மேடு ஏறினீங்களே. ஒரு மூட்ட அரிசிய ஒரே தூக்கா மாடிக்குத் தூக்கிக்கினு போறதுக்கும், பத்துப் பையாப் பிரிச்சிப் பத்து நட நடக்கறதுக்கும் இருக்கற வித்தியாசம். பத்து நடையில காலு ஜாஸ்தி நடக்கும், இடுப்பு பொழைக்கும். நீங்க அதோட இடுப்ப ஒடச்சிருக்கீங்க."

"கடகடன்னு ஒரு சத்தம் வந்துது."

"வராம? உள்ள ஷாப்டுன்னு ஒரு தண்டு சுத்தும்போது ஆயில அடியில இழுத்துப் போட்டுக்கினு அது மேல மெதக்கும். மெதுவாவும் சுத்த வெச்சி, மேல பாரத்தையும் அழுத்தினா அந்த ஆயில் மெலிஞ்சிபூடும். இரும்பும் இரும்பும் நேராப் பேசிக்கும். காலைல அதத்தான் வேற மாதிரி பண்றீங்க. ராவெல்லாம் நின்ன வண்டியில ஆயில் கீழ எறங்கிக் கெடக்கும். அது மேல ஏறி வர்றதுக்குள்ள நாலு மிதி. தூங்கறவன எழுப்பி, பல்லு கூட வெளக்க உடாம ஓடுன்னா எப்பிடி? அப்பறம் ரோட்டுல, அது ஓடறேன்னு சொல்லும்போது கழுத்தப் புடிச்சி நெரிக்கிறீங்க. எங்க மிதிக்கக் கூடாதோ அங்க மிதிச்சீங்க, எங்க மிதிக்கணுமோ அங்க உட்டீங்க. வேணும்னு பண்ணாக் கூட இவ்ளோ சரியா பண்ண முடியாது மாமா."

அவன் பிளக்கைத் துடைத்து மாட்டினான், ஆயிலைக் குச்சியில் பார்த்தான், எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். "பொழச்சிக்கும். இன்னிக்கு அக்கா ஓட்டினதுலயே பாதி கரி வெளிய பூட்டிருக்கும்" என்றான். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பைபாஸில் ஒரு சுற்றுப் போனான். நாலாயிரத்தில் வைத்துக்கொண்டு அவன் தன் பையனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், கறுப்பாகக் கொஞ்சம் புகை வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. உதறல் இல்லை. டேஷ்போர்டு முருகன் முதல்முறையாக அசையாமல் நின்று அருள்பாலித்தார்.

ஒரு மணிக்குக் கட்டிட வாசலில் போய் நின்றேன். அவள் கடைசியாகத்தான் வந்தாள். விரலில் மை. அவளோடு பரீட்சை எழுதினவர்களில் ஒருவர் தலையெல்லாம் நரைத்தவர், கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"எப்பிடி?"

"மொத பத்து நிமிஷம் கை நடுக்கம் நிக்கல. ஒரு எழுத்து கூட எழுத முடியல" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்பறம் எழுதினேன். ஒரு கணக்கு உட்டுட்டேன். நேரம் பத்தல. இருபத்தோரு நிமிஷம் இருந்திருந்தா அதையும் போட்டிருப்பேன்."

அந்த ஒரு கணக்கு எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை. பதினைந்து என்று அவளே சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்பதற்காகத் தொண்டையைச் செருமி, நானும்கூட இத்தனை வருஷம் உன்னைச் சின்ன கியரில் போகவிடாமல் என்று ஆரம்பித்தேன். "மொதல்ல சோறு வாங்கிக் குடுங்க. தத்துவம் வெறும் வயித்துல வாணாம்" என்றாள். சாப்பிட்டோம். சாவி அவள் கைப்பையில் போனது. திரும்ப வரவில்லை.

ரிசல்ட்டுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் வீட்டில் பதினைந்து என்ற எண்ணை யாரும் சொல்லவில்லை. பதினாலு, அப்புறம் பதினாறு. பாஸ் மார்க்குக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அது எந்த இருபத்தோரு நிமிஷத்தில் போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் மட்டும் காலையில் பீச்சில் மூச்சை இழுத்தால் விட மறந்துவிடுவேன். மூச்சு வாத்தியார் பக்கத்தில் வந்து முதுகில் தட்டுவார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆபீஸில் இருந்தேன். போன் வந்தது.

"கீழ வாங்க."

"எங்க இருக்கே?"

"உங்க ஆபீஸ் வாசல்ல. நாப்பத்தெட்டு."

"என்னா நாப்பத்தெட்டு?"

"நாப்பது வாங்கினா பாஸுங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் போனிலேயே பேசிக்கொண்டிருந்தாள். டிகிரி சர்ட்டிபிகேட்டுக்கு அண்ணாமலை நகரில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், நாலு மணிக்குள் கவுண்டர் மூடிவிடுவார்கள், இன்றைக்கே போகவேண்டும் என்றாள். நாளைக்குப் போகலாமே என்று சொல்ல என் வாய் திறந்தது. என் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதை அப்படியே மூடிக்கொண்டதுதான்.

அரை நாள் விடுப்புக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் சொந்த வேலை என்று எழுதுவார்கள், நானும் இத்தனை வருஷம் அதைத்தான் எழுதினேன். அன்றைக்கு, என் மனைவி பி.ஏ. தேர்ச்சி பெற்றுவிட்ட காரணத்தால் என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இது லீவுக்கு ஒரு காரணமா சார்? எந்த வருஷம் எழுதவேண்டியது?"

"என் கல்யாணத்தன்னைக்கு மேடம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். அரை நாள் என்பதை அடித்துவிட்டு ஒரு நாள் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"பாதி நாள்தான் மேடம் மிச்சம் இருக்குது" என்றேன்.

"தெரியும். போங்க" என்றார்.

மணி இரண்டு பத்து. கீழே அவள் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள்.